மூடிக்கிடக்கிற ஐஸ் பெக்டரியை டிசைன் ஸ்டூடியோவா மாத்தலாமா? மாத்தலாம், ஆனா காசை முதல்ல கூரையிலயும் நிலத்திலயும் போடுங்கோ

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் பதினைஞ்சு வருசத்துக்கு மேல பூட்டிக்கிடக்கிற ஐஸ் பெக்டரி, 80 அடிக்கு 40 அடி, உயரம் சராசரியா 20 அடி, அப்பாட சிநேகிதர் பத்து வருச லீசுக்குத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். நீங்க நாலு பேர், கிராஃபிக் டிசைன், துணி பிரிண்டிங், சின்னத் தளபாடம் செய்றீங்க. இதை ஸ்டூடியோவா மாத்தினா சரிவருமா, கையில இருக்கிற காசை எதில முதல் போடுறது எண்டு கேட்டிருக்கிறீங்க. கட்டடத்தின்ட படங்களோட, ஆசைப்படுற மாதிரிப் படங்களும் போட்டிருக்கிறீங்க, பூச்சு உரிச்ச செங்கல் சுவர், மினுங்குற எப்பொக்ஸி நிலம், தொங்குற பல்ப், கண்ணாடி போட்ட மீட்டிங் ரூம்.

சரிவரும். நான் இருபத்திரண்டு வருசமா திருகோணமலையில வீட்டுக்கும் கடைக்கும் பிளான் கீறிக்கொண்டு, சைட்டில நிண்டு வேலை பாக்கிற ஆள், பழைய ஸ்டோர், அரிசி மில், ஒரு ஐஸ் பெக்டரி எண்டு அஞ்சாறு கட்டடம் மாத்திக் குடுத்திருக்கிறன். அந்த அனுபவத்தில சொல்றன், நீங்க ஆசைப்பட்டுப் போட்ட படத்தில இருக்கிற ஒண்டுக்கும் முதல் வருசம் காசு போடாதீங்க. எங்கட ஊரில இப்பிடியான கட்டடத்துக்கு வருத்தம் தலையிலயும் காலிலயும்தான், கூரையும் நிலமும். அது ரெண்டையும் திருத்தினா சுவர் தன்ட பாட்டில நிக்கும், அதை விட்டிட்டுச் சுவரை வடிவாக்கினா மூண்டாவது மாரிக்குள்ள எல்லாம் கழண்டு வரும்.

ஐஸ் பெக்டரிக்கு எண்டே ஒரு குணம் இருக்கு, அதைத்தான் முதல் விளங்கிக்கொள்ள வேணும். பெரிய இரும்புத் தொட்டிக்குள்ள உப்புத் தண்ணி, அதுக்குள்ள அமோனியா ஓடுற குழாய், தண்ணியை மைனஸ் பத்து டிகிரி அளவில வச்சிருப்பாங்க, அதுக்குள்ள நல்ல தண்ணி நிரப்பின தகரக் கேன்களை இறக்கி வச்சா அடுத்த நாள் கட்டி ஐஸ். இந்த வேலை முப்பது நாப்பது வருசம் நடந்த இடம் எண்டா, ஒவ்வொரு தரம் கேன் தூக்கேக்கயும் உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி அந்த நிலம் முழுக்க ஊறிப் போயிருக்கும். சில இடத்தில கறியுப்புப் போட்டாங்க, சில இடத்தில கல்சியம் குளோரைட். ரெண்டாவது போட்ட இடம் எண்டா கவனம், அந்த உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துத் தானாவே கரையும், காத்தில ஈரப்பதம் 30 வீதத்துக்கு மேல இருந்தாலே போதும். கறியுப்புக்கு 75 வீதம் வேணும். எங்கட ஊரில மாரி காலம் 80க்கு மேல நிக்கிறது சாதாரணம், அப்ப ரெண்டு உப்பும் வேர்க்கும்.

நான் செய்த அந்த ஐஸ் பெக்டரி வேலையில இது எனக்குத் தெரியாமப் போனது. தொட்டி இருந்த பக்கம் நிலத்தில ரெண்டு பாய் அகலத்துக்கு எப்பவும் ஈரம், வெயில் கொளுத்துற ஆனி மாசத்திலயும் ஈரம். பைப் உடைஞ்சிருக்கு எண்டு நினைச்சு நிலத்தை ரெண்டு இடத்தில வெட்டினம், பைப்பும் இல்ல ஒண்டும் இல்ல. எங்களோட நிண்ட வயசான மேசன் ஐயா குந்தியிருந்து விரலால தொட்டு நாக்கில வச்சுப் பாத்திட்டு, "தம்பி, இது கைக்கும். உப்பு வேர்க்குது, தண்ணி இல்ல" எண்டார். அதுக்குள்ள நாங்க மற்றப் பக்கத்துக்கு எப்பொக்ஸி அடிச்சு முடிச்சிட்டம். மூண்டு மாசத்தில அது அப்பளம் மாதிரிப் பொங்கி வந்தது, குத்திப் பாத்தா உள்ளுக்கு வெள்ளைத் தூள். நீங்க நாக்கில வச்சுப் பாக்க வேணாம், ஆனா அந்த நிலத்தைப் பூசி மூடவும் வேணாம்.

செய்யவேண்டியது இதுதான். ஒரு சதுர யார் பொலித்தீன் தாளை நிலத்தில விரிச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ரெண்டு நாள் விடுங்கோ. தாளுக்குக் கீழ நீர்த்துளி நிண்டா ஈரம் நிலத்துக்குள்ள இருந்து வருது. தாளுக்குக் கீழ காய்ஞ்சு, சுத்திவர உள்ள நிலம் மட்டும் ஈரமா இருந்தா உப்பு காத்தில இருந்து இழுக்குது. ஹோல் முழுக்க ஏழு எட்டு இடத்தில இப்பிடிப் பாத்து, பிளானில குறிச்சு வையுங்கோ. மோசமான பகுதியில பழைய கொங்கிறீட்டை உடைச்சு வெளிய ஏத்துறதுதான் ஒரே வழி, கழுவிப் போகாது. உடைச்ச இடத்தில சல்லி போட்டு இறுக்கி, 1000 கேஜ் பொலித்தீன் விரிச்சு, மேல புதுக் கொங்கிறீட். இங்க கனபேர் விடுற பிழை ஒண்டு இருக்கு, பொலித்தீனைச் சுவர் வரைக்கும் முட்டக் கொண்டுபோய் ஒட்டுவாங்க, அப்ப நிலத்தில வர வழியில்லாத ஈரம் முழுக்கச் சுவரில ஏறும். சுவர் ஓரம் சுத்திவர ஒரு முக்கால் அடி விட்டு, அதில கூழாங்கல் போட்டு விடுங்கோ, மண் மூச்சு விடட்டும். பாக்கவும் நல்லாத்தான் இருக்கும்.

தொட்டியைப் பத்திக் கேட்டிருந்தீங்க, அதுக்குள்ள இறங்கி இருக்கிற மாதிரி மெத்தை போட்டு கதைக்கிற இடம் செய்யலாமா எண்டு. யோசனை வடிவு, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா துறைமுகப் பக்கம் கார்த்திகை மார்கழியில நிலத்தடித் தண்ணி எவ்வளவு மேல வருது எண்டு பக்கத்துக் கிணத்தில பாத்திட்டு முடிவெடுங்கோ. 30 அடிக்கு 12 அடித் தொட்டி எண்டு வையுங்கோ, அதின்ட அடிமட்டத்துக்கு மேல தண்ணி ரெண்டு அடி ஏறினா 720 கன அடி, கிட்டத்தட்ட 20 தொன் விசையில தண்ணி அதை மேல தள்ளும். உள்ளுக்கு உப்புத் தண்ணி நிரம்பி இருந்த காலத்தில அது அசையாது, இப்ப வெறுந்தொட்டி, துருப்பிடிச்ச தகடு, வள்ளம் மாதிரி மிதக்கப் பாக்கும், நிலமும் சேர்ந்து வெடிக்கும். கிணத்தில தண்ணி தொட்டி அடிக்குக் கீழயே நிக்குது எண்டா செய்யுங்கோ. இல்லாட்டி வெட்டி எடுத்து மண் நிரப்பி மூடுறதுதான் புத்தி.

வெட்டுறதுக்கு முதல் ஒரு பெரிய கவனம். அமோனியாக் குழாய், கொம்பிரசர், ரிசீவர் எண்டு சொல்ற உருளைத் தொட்டி எல்லாம் இன்னும் உள்ளுக்கு நிக்குது எண்டு படத்தில தெரியுது. பழைய இரும்பு வாங்க வாறவங்க காஸ் கட்டரோட வந்து நிப்பாங்க, விடாதீங்க. அமோனியா காத்தில 15 முதல் 28 வீதம் கலந்தா பத்தும், குழாய்க்குள்ள அடியில தேங்கிற எண்ணெயும் சேர்ந்தா இன்னும் மோசம். பத்தாட்டியும் ஆளுக்கு ஆபத்துதான், 300 பிபிஎம், அதாவது காத்தில பத்து லட்சத்துக்கு 300 பங்கு அளவே உயிருக்கு ஆபத்தான அளவு எண்டு கணக்கெடுக்கிறாங்க. பதினைஞ்சு வருசம் கிடந்ததெல்லே, எல்லாம் போயிருக்கும் எண்டு நினைக்க வேணாம், ரெண்டு வால்வுக்கு நடுவில அடைபட்ட காஸ் அப்பிடியே கிடக்கும். ஐஸ் பெக்டரி இல்லாட்டி குளிரூட்டிக் களஞ்சியத்தில அமோனியா லைனில வேலை செய்த டெக்னீசியன் ஒராளைக் கூட்டிவந்து, காஸை இறக்கித் தண்ணியில கரைச்சு வெளியேத்தி, எண்ணெயை வடிச்சு, லைன் வெறுமை எண்டு அவர் எழுதித் தந்த பிறகுதான் மற்ற ஆக்கள் தொட வேணும். இந்தச் செலவைக் கட்டட உரிமையாளர் ஏற்க வேணும் எண்டு லீஸ் எழுதமுதலே கதையுங்கோ, அந்த இரும்பின்ட காசும் அவருக்குத்தானே போகுது.

கொம்பிரசரை மட்டும் வித்துப்போடாதீங்க, காஸ் எடுத்த பிறகு அந்தப் பெரிய சக்கரத்தோட அதை நிண்ட இடத்திலயே விடுங்கோ. கந்தப்பளையில பழைய தேயிலை பெக்டரியை 1996இல ஹோட்டலாத் திறந்தாங்க, அங்க மெஷினை வச்சபடியாலதான் வாறவைக்கு இது தேயிலை பெக்டரி எண்டு சொல்லாமலே விளங்குது. கொழும்பில மருதானை டிரிபோலி மார்க்கெட்டையும் ஐரி கொம்பனிகளுக்கு ஒஃபிசா மாத்தினாங்க, அங்க அந்த நீளமான ஸ்டோரின்ட உருவத்தைக் குலைக்காம விட்டதுதான் அழகு.

இப்ப கூரை. உங்கட படத்தில பாதி அஸ்பெஸ்டஸ், பாதி பிறகு மாத்தின தகரம். அஸ்பெஸ்டஸ் சீட் வெடிக்காம முழுசா இருந்தா அதால உடனடி ஆபத்து குறைவு, ஆனா அதைத் துளைக்கிறது, கிரைண்டரால வெட்டுறது, பாசி போகட்டும் எண்டு பிரஷர் வோஷர் அடிக்கிறது, இந்த மூண்டும் செய்யவே கூடாது. அதில இருந்து வாற நார் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குள்ள போனா இருபது, முப்பது, நாப்பது வருசம் கழிச்சுத்தான் வருத்தம் காட்டும், எங்கட வேலைக்காரப் பெடியள் சேட்டைக் கழட்டி மூக்கில கட்டிக்கொண்டு இதை உடைக்கிறதைப் பாக்கேக்க எனக்கு மெய்யாவே நெஞ்சு பதறும். கழட்டுறது எண்டா சீட்டை நல்லா நனைச்சு, துருப்பிடிச்ச போல்ட்டை வெட்டி, சீட்டை உடைக்காம முழுசாக் கயிறு கட்டி இறக்கி, தடிச்ச பொலித்தீனில சுத்தி ஒட்டி வைக்க வேணும். வேலை செய்றவைக்கு துணி மாஸ்க் காணாது, பில்டர் போட்ட ரப்பர் மாஸ்க் வாங்கிக் குடுங்கோ. உடைஞ்ச துண்டைப் பள்ளத்தில கொட்டி மூடுறது, பக்கத்து வளவுக்கு வேலி அடைக்கக் குடுக்கிறது எல்லாம் வேணாம்.

புதுசாப் போடுற தகரத்துக்குத் தடிப்பு 0.47 மில்லிமீட்டருக்குக் குறையாமப் பாருங்கோ. எங்கட கரை புயல் பாத்த கரை, 1964 மார்கழியில வந்தது, 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி திருகோணமலைக்கு வடக்கால கரை ஏறினது. காத்து கூரையை மேல இருந்து அமத்துறதில்ல, உறிஞ்சித் தூக்குது, அதுவும் முகட்டிலயும் தாழ்வாரத்திலயும் மூலையிலயும்தான் கூட. அந்த ஓரங்களில ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ போட வேணும், நடுவில ஒண்டுவிட்டு ஒண்டு போடலாம். ஸ்க்ரூ கலர் பாத்து வாங்காம உப்புக் காத்துக்குத் தாங்குற பூச்சு இருக்கா எண்டு கேட்டு வாங்குங்கோ, தகரம் இருபது வருசம் நிண்டாலும் ஸ்க்ரூ ஆறு வருசத்தில போனா கூரை பறக்கும். கைமரம், சிலாகை பனை எண்டா மாத்தாதீங்க, வைரம் பாஞ்ச பனைக்கு உப்பும் கறையானும் லேசில ஒண்டும் செய்யாது. இரும்புச் சட்டகம் எண்டா துருவைச் சுரண்டி மிஞ்சின தடிப்பை அளந்து பாக்க வேணும். நான் ஒருக்கா ஒரு பழைய ஸ்டோரில தீராந்தியைக் கம்பி பிரஷால தேய்ச்சுக்கொண்டு போகேக்க, பெயின்ட் பொருக்குக்குள்ள இருந்து 'டோர்மன் லோங், மிடில்ஸ்ப்ரோ, இங்லன்ட்' எண்டு எழுத்து ஒவ்வொண்டா எழும்பி வந்தது, இரும்பை உருட்டி எடுக்கேக்கயே பதிச்ச கொம்பனிப் பேர். அந்த இரும்பு இன்னும் நாலில மூண்டு பங்கு தடிப்போட நிண்டது, அதுக்குப் பிறகு பூசின சீமெந்துதான் உதிர்ந்து போயிருந்தது. கொங்கிறீட் தூண் எண்டா சுத்தியலால தட்டிப் பாருங்கோ, டொக் டொக் எண்டு வெறுஞ்சத்தம் வந்தா உள்ளுக்கு கம்பி துருப்பிடிச்சுப் பொங்குது. அதை மேலால பூசி மறைக்காம ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கோ, இதில மட்டும் என்ர சொல்லையும் கேக்க வேணாம்.

வெளிச்சம் உங்களுக்குத்தான் முக்கியம், நிறம் பாக்கிற வேலை. டிசைன் புத்தகம் எல்லாத்திலயும் வடக்கு வெளிச்சம் நல்லது, வெயில் நேர அடிக்காது எண்டு இருக்கும், அது வட நாட்டுக்குச் சரி. திருகோணமலை 8.5 பாகை வடக்கில இருக்கு, சித்திரை வருசப்பிறப்புக்கு ரெண்டு நாள் முதல் சூரியன் உச்சந்தலைக்கு மேல வந்து, அதுக்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்காலதான் போகும். வருசத்தில நாலரை மாசம் வடக்கு யன்னலுக்கால வெயில் வரும் எண்டு அர்த்தம், அதுவும் சரியான வெக்கை காலம். பயப்பட ஒண்டும் இல்ல, ஜூன் மாசம் ஆகக் கூடினதா உச்சியில இருந்து 15 பாகை அளவுதான் சரியும், நேரா நிக்கிற 4 அடி உயரக் கண்ணாடிக்கு மேல ஒரு அடி ஒரு அங்குலம் நீட்டி மறைப்பு வச்சா மத்தியான வெயில் கண்ணாடியில படாது. காலமையும் பின்னேரமும் சரிஞ்சு வாறதுக்கு மட்டும் பக்கத்தில நிக்கிற பலகை மறைப்பு வேணும். கூரையில கண்ணாடித் தகடு, அந்த வெள்ளை பிளாஸ்டிக் சீட் போடுறதை விடுங்கோ, அதுக்குக் கீழ இருந்து மத்தியானம் வேலை செய்ய ஏலாது, ரெண்டு வருசத்தில மஞ்சளாகி உங்கட நிறத்தையும் மாத்திப்போடும். இரவுக்கு மேசையில 500 லக்ஸ் வாற மாதிரி, நிறம் காட்டுற அளவு (CRI) 90க்கு மேல உள்ள எல்ஈடி, வெளிச்சத்தின்ட நிறம் 4000 கெல்வின் அளவில வாங்குங்கோ. தொங்குற மஞ்சள் பல்ப் வாசலுக்கு நல்லம்.

வெக்கைக்கு முழு ஹோலுக்கும் ஏசி போடுற கதையே வேணாம். 3200 சதுர அடி, 20 அடி உயரம், இருபது தொன் ஏசி போட்டாலும் கரன்ட் பில் உங்களை வேலை செய்ய விடாது. தகரத்துக்குக் கீழ ரெண்டு அங்குலக் கிளாஸ் வூல், அதுக்கு வெள்ளித்தாள், அந்தத் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவில ரெண்டு அங்குலம் காத்து இடைவெளி, முகட்டில நீளத்துக்கு மழை வராத மாதிரித் திறப்பு, கீழ சுவரில கம்பிவலை போட்ட துவாரம், இவ்வளவும் செய்தா சூடு எழும்பி முகட்டால போகும். வலை கட்டாயம், வௌவாலும் குரங்கும் உங்களுக்கு முதல் குடியிருக்கும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மேற்குப் பக்கத்தால வாறது நெருப்புக் காத்து, தூசியும் கூட, அந்தப் பக்கத் துவாரத்துக்கு மூடி வையுங்கோ, மத்தியானத்துக்குப் பிறகு கடல் காத்து வரேக்க கிழக்கால திறவுங்கோ. வாடைக்கு மழை வடகிழக்கால சரிஞ்சு அடிக்கும், தாழ்வாரத்தை மூண்டு அடிக்குக் குறையாம நீட்டி பீலி போட வேணும்.

அப்ப கொம்பியூட்டர், பிரிண்டர் எங்க வைக்கிறது எண்டு கேப்பீங்க. உங்களுக்குத் தெரியாமலே அதுக்கு ஒரு அறை அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கு, ஐஸ் அடுக்கி வச்ச குளிர் அறை. சுவரெல்லாம் நாலு ஆறு அங்குலத்துக்குக் கோர்க் இல்லாட்டி ரெஜிபோம் வச்சுக் கட்டினது, அதைவிட நல்ல வெக்கை தடுப்பு காசு குடுத்தும் வராது. 300, 400 சதுர அடி எண்டா ரெண்டு 18,000 பிரியூ ஏசி தாராளம். துணி பிரிண்டிங் ஸ்கிரீனுக்கு எமல்ஷன் பூசிக் காய வைக்க இருட்டும் குறைஞ்ச ஈரமும் வேணும்தானே, அதில ஒரு மூலையை அதுக்கு மறைச்சுக் குடுக்கலாம். ஆனா மூண்டு வேலை செய்யாம ஒராளும் உள்ளுக்கு இருக்கக் கூடாது. ஒண்டு, அந்தத் தடிச்ச கதவை உள்ளுக்கால திறக்கிற மாதிரி மாத்த வேணும், பழைய கொளுக்கி வெளியால மட்டும்தான் இருக்கும், இது உயிர் விசயம். ரெண்டு, அறை காத்துப் புகாதது, ஆளுக்கு செக்கனுக்கு 10 லீட்டர் அளவில வெளிக்காத்து வாற மாதிரி விசிறி போட வேணும், ஏசி உள்ளுக்கு இருக்கிற காத்தைத்தான் சுத்தும். மூண்டு, உள்ளுக்கு ரெஜிபோம் எண்டா அது பத்தும், கரும்புகை கக்கும், வெளிய தெரியாத மாதிரி சீமெந்துப் பூச்சால முழுக்க மூட வேணும், வயரை அதுக்குள்ளால இழுக்காம வெளிப் பைப்பில கொண்டுபோங்கோ.

சத்தம் எண்டு ஒண்டு இருக்கு, இதை ஆக்கள் குடிவந்த பிறகுதான் கண்டுபிடிப்பாங்க. உங்கட ஹோல் கன அளவு கிட்டத்தட்ட 1800 கன மீட்டர், எல்லாம் தகரமும் சீமெந்தும், சுத்திவர உள்ள பரப்பு ஆயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர், அதில நூத்துக்கு நாலு பங்கு சத்தத்தைத்தான் அந்தச் சாமான் குடிக்கும். எதிரொலி அடங்கிற நேரம் பாக்கிற சபின் கணக்குப்படி பாத்தா கை தட்டின சத்தம் அடங்க 7 செக்கன் எடுக்கும், கோயில் மண்டபம் மாதிரி. நாலு பேர் ஒரே நேரம் ஃபோன் கதைச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. ஒரு செக்கனுக்குக் கொண்டுவர உறிஞ்சுற பரப்பு 290 சதுர மீட்டர் வேணும். பயந்திடாதீங்க, வெக்கைக்குப் போடுற அதே கிளாஸ் வூலின்ட கீழ்ப்பக்கத்தைத் துளை போட்ட தகடாலயோ துணியாலயோ மூடினா அதிலயே 220 கிட்டக் கிடைக்கும், மிச்சத்தைத் துணிச் சுருள் அடுக்கிற தட்டு, திரைச்சீலை, ஆக்கள் எல்லாம் பாத்துக்கொள்ளும். ஒரே காசில ரெண்டு வேலை, இதாலதான் கூரை கூரை எண்டு நிக்கிறன். தளபாட வேலையை மட்டும் ஹோலுக்குள்ள வைக்காம கொம்பிரசர் நிண்ட அறையில வையுங்கோ, அதின்ட அத்திவாரம் அதிர்வுக்கெண்டே போட்டது, மரத்தூளும் அந்தப் பக்கமே நிக்கும்.

சுவருக்கு ஒண்டும் செய்யாதீங்க எண்டதுக்குக் காரணம் இதுதான், உப்பு உள்ள சுவர் காய வேணும். உப்புப் பூத்து உதிருற இடத்தில சீமெந்துப் பூச்சைத் தட்டிக் கொட்டிட்டு, காய்ஞ்ச பிரஷால உப்பைக் கூட்டி அள்ளி வெளிய கொண்டுபோய், தண்ணி அடிச்சுக் கழுவாம, சுண்ணாம்புச் சாந்து பூசுங்கோ. அந்தச் சாந்து உப்பைக் குடிச்சு நாலஞ்சு வருசத்தில உதிரும், உதிரட்டும், திரும்பப் பூசலாம், கல்லு தப்பும். வோட்டர் புரூஃப் பெயின்ட் அடிச்சா உப்பு கல்லுக்குள்ளயே பூத்து கல்லை மாவாக்கும்.

வயரிங் முழுக்கப் புதுசு, பழசை ஒரு அங்குலமும் வைக்காதீங்க. மூண்டு பேஸ் கனெக்ஷன் அந்த இடத்துக்கு இருந்திருக்கும், அதைத் திரும்ப எடுக்கேலுமா எண்டு மின்சாரக் கந்தோரில முதல்ல கேளுங்கோ, ஆனா கைத்தொழில் கட்டண வகையில இருந்ததைப் பொதுத் தேவை வகைக்கு மாத்துவாங்க, யூனிட் விலை வேற, அதைப் போட்டு மாதச் செலவு கணக்குப் பாருங்கோ. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், இடிமின்னலுக்கு சேர்ஜ் புரொடெக்டர் ரெண்டும் கட்டாயம், சித்திரை மாசத்து இடி ஒண்டு காணும் பிரிண்டர் போட் போக. சோலார் ஆசை இருந்தா கூரைச் சட்டகத்தை அந்தப் பாரத்துக்கும் சேர்த்து இப்பவே பலப்படுத்துங்கோ, பெனலைப் பிறகு வாங்கலாம்.

லீஸ் வாய்ப்பேச்சில வேணாம். எங்கட நாட்டில 1840 ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு மாசத்துக்கு மேற்பட்ட லீஸ் நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும், அப்பாட சிநேகிதர் எவ்வளவு நல்லவர் எண்டாலும் அவருக்குப் பிறகு பிள்ளையள் வருவாங்க. எழுதிக் காணிப் பதிவகத்தில பதியுங்கோ. கூரைக்கு நீங்க போடுற காசு வாடகையில எவ்வளவு கழியும், பத்து வருசத்துக்கு முதல் எழும்பச் சொன்னா எவ்வளவு திருப்பித் தருவார், ரெண்டும் எழுத்தில வரவேணும். பெக்டரியை ஸ்டூடியோவா மாத்துறது பாவனை மாற்றம், அதுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ உள்ளூர் சபையில அனுமதி எடுக்க வேணும், சுவரை இடிக்காட்டியும் எடுக்க வேணும். கடலோரத்தில இருந்து 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் போக வேணும், உங்கட இடம் அதுக்குள்ளதான் வரும் போல கிடக்கு. ரெண்டு விண்ணப்பத்தையும் அளந்து கீறின பிளானோட ஒரே கிழமையில குடுங்கோ, ஒண்டுக்காக ஒண்டு காத்திருந்தா ஒரு மாரி போயிடும்.

காசைப் பிரிக்கச் சொன்னா, நூறு ரூபாயில அம்பது கூரைக்கு, இருபது நிலத்துக்கு, பதினைஞ்சு வயரிங்குக்கு, மிச்சத்தில கக்கூசும் குளிர் அறையும். தளபாடத்துக்கு எண்டு ஒண்டும் வைக்கல்ல, ஏனெண்டா அந்தத் தொட்டிக்கு மேல மூடிக்கிடக்கிற பலகைகளைப் படத்தில கண்டன். ரெண்டு அங்குலத் தடிப்பு, நீளத்துக்கு ஒண்டு போல. ஒண்டைப் பிரட்டிப் பாருங்கோ, அடிப்பக்கம் வெள்ளையாப் பூத்துக் கிடக்கும், ஆணி எல்லாம் துருவாக் கரைஞ்சிருக்கும், ஆனா ஒரு சீவல் சீவினா உள்ளுக்கு மரம் புதுசு மாதிரி நிக்கும், உப்பிலயே ஊறினபடியால பூச்சி தொட்டிருக்காது. நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் ஊறப்போட்டு, நிழலில நாலு மாசம் காயவிட்டு, ஒரு ஓடாவியைப் பிடிச்சுச் சீவி எடுங்கோ, கட்டிங் மேசை, பிரிண்டிங் மேசை எல்லாம் அதில வரும். இரும்பு ஆணி மட்டும் போட வேணாம், மர ஆப்பு இல்லாட்டி ஸ்டெயின்லெஸ்.

ஒண்டு எழுதாம விட்டிட்டீங்க, கூரை முகடு எந்தத் திசையால ஓடுது? கிழக்கு மேற்கா ஓடினா மேல சொன்ன வடக்கு யன்னல் கணக்கு அப்பிடியே பொருந்தும். வடக்குத் தெற்கா ஓடினா நீளச் சுவர் ரெண்டும் காலமை வெயிலுக்கும் பின்னேர வெயிலுக்கும் முகம் குடுக்கும், அப்ப யன்னலை நீளச் சுவரில வைக்காம முகப்புச் சுவரில மேல வைக்கிற மாதிரி வேற விதமா யோசிக்க வேணும். ஃபோனில திசைகாட்டியை வச்சு, நடு ஹோலில நிண்டு பாத்துச் சொல்லுங்கோ, அந்தப் பொலித்தீன் தாளையும் அதே நாளில ஒட்டிட்டு வாங்கோ.